கரிசற் சம்சாரியின் வீடு

சென்னையிலிருந்து மகாபலிபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டிலே, தக்ஷிணசித்ரா என்றொரு நிலையம் இருப்பதை நேயர்களிற் பலர் அறிவர். 1984-இல் ஏற்பட்ட மெட்ராஸ் கிராப்ட் பவுண்டேஷன் என்ற தர்ம ஸ்தாபனம் அதனை 1996-இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவைத்தது. பழைய வீடுகள் சிலவற்றைத் தூண், நிலை, உத்தரம் எனப் பிரித்தெடுத்துக் கொணர்ந்து அங்கே மீண்டும் கூட்டியும், வேறு சிலவற்றைப் பழைய மாதிரியிலேயே கட்டியும் வைத்திருக்கிறார்கள். இம்முயற்சிக்குக் காரணராயிருந்தவர் அமெரிக்காவிற் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்துவரும் டெபோரா தியாகராஜன் அம்மையார். அவருக்கு நன்றி கூறுகிறோம். நம் பாட்டனார் குடியிருந்த வீட்டை நமக்குக் காட்ட அவர் வரவேண்டியிருந்ததே என்று சிறிது நாணமும் அடைகிறோம்.

ஸ்வீடன் தேசத்தார் 1891-இலேயே ஸ்டாக்ஹோம் நகரில் ஸ்கான்ஸன் என்னும் திறந்தவெளிக் காட்சிசாலையை அமைத்துத் தங்கள் குடியானவர் வீடுகளைக் காக்கத் தொடங்கிவிட்டனர். நாமோ அரண்மனைக்கும் கோயிலுக்கும் மட்டுமே சரித்திரம் உண்டென்று எண்ணியிருந்தோம்.

முட்டுக்காட்டிலுள்ள உழவர் வீடு தஞ்சை வட்டாரத்தது. காவிரித் தண்ணீர் பாயும் நன்செய் நாட்டு வீடு, வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைக்கும் கோவில்பட்டிச் சம்சாரியின் வீட்டுக்கு எவ்வாறு பிரதிநிதியாகும்? கரிசல் மண் மழையில் ஊதும். கோடையில் கால் நுழையுமளவு வெடிக்கும். அம்மண்ணின்மேல் சுவர் எழுப்புவதே ஒரு வித்தை. பனங்கைகளைப் பரப்பி, வசதியுள்ளவர் நாட்டு ஓடும், இல்லாதவர் ஓலையோ தட்டையோ வேய்ந்தனர். உள்ளே நுழைந்தால் முதலிற் கண்ணிற்படுவது குலுக்கை. மண்ணாற் செய்து ஆளுயரத்துக்கு எழுப்பிய அந்தத் தானியக் களஞ்சியத்தில் மேல்வாய் வழியே கம்பையோ சோளத்தையோ கொட்டுவர். அடியிலுள்ள சிறு துவாரத்தின் அடைப்பை எடுத்து அன்றாடத்துக்கு வேண்டியதை வாங்கிக்கொள்வர். மழை பொய்த்த ஆண்டில் ஒரு குடும்பம் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்பதைக் குலுக்கையைத் தட்டிப் பார்த்தே வீட்டுக்காரி அறிந்துகொள்வாள். அதன் அருகே திருகை, உரல், உறி, அடுக்குப் பானைகள், பனையோலைக் கடகம், விளக்கு வைக்கும் மாடக்குழி. பருத்தி வெடித்த காலத்தில் மனிதர் திண்ணைக்கு வந்துவிடுவர். வீடு பருத்திக்குப் போய்விடும்!

அவ்வீட்டை நாம் சொர்க்கமென்று சொல்ல வரவில்லை. பருத்திமாரின் புகையில் கண் எரிய அடுப்பூதியவளும், கோழி கூவுமுன் திருகையில் அமர்ந்தவளும் அதனைச் சொர்க்கமென்று சொல்லமாட்டார்கள். வாசலோடு நின்று கஞ்சி வாங்கிப்போன பண்ணையாளுக்கும் ஒரு வீடு இருந்தது. சம்சாரியின் வீட்டை வைத்துவிட்டு அந்தக் குடிசையை விட்டுவிடும் காட்சிசாலை பாதிப் பொய்யே சொல்லும்.

குடிசைகளை மாற்றி 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டித்தருவது என்று தமிழ்நாடு சர்க்கார் 2024-இல் "கலைஞர் கனவு இல்லம்" திட்டத்தைத் தொடங்கினர். ஒழுகாத கூரை ஏழைக்கு உரிமை. அதனை ஒருவரும் குறைகூற முடியாது. ஆனால், இடிப்பதற்கு முன் தாலுகாவுக்குப் பத்து வீடுகளையேனும் அளந்து, படம் எழுதி, உள்ளிருக்கும் பாண்டங்களின் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துவைத்தால் என்ன செலவாகிவிடும்? பழைய நிலைக்கதவுகள் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குப் போகின்றன. குலுக்கையை வாங்குவாரில்லை, அது குப்பைமேட்டுக்குப் போகிறது.

இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கினார். அவர் 2021-இல் மறைந்தார். 2022-இல் கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் திறக்கப்பட்டது. சொல் பத்திரமாயிருக்கிறது. சொல்லுக்குரிய பொருளை இனி எங்கே காட்டுவது?

பணமில்லை என்பார்களாயின், எட்டயபுரத்தைப் பார்க்கட்டும். 1947-இல் திறக்கப்பெற்ற பாரதி மண்டபம், "கல்கி" விடுத்த வேண்டுகோளுக்கிணங்க ஜனங்கள் மனமுவந்து அளித்த பணத்தில் எழுந்தது. அதே கரிசற் சீமையில் ஒரு சம்சாரியின் வீட்டையும் ஒரு பண்ணையாளின் குடிசையையும் காப்பதற்கு அவ்வளவு பெருந்தொகை வேண்டியதில்லை. இடத்துக்கும் பஞ்சமில்லை: 1901-இல் ஏற்பட்ட வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது. மானாவாரிப் பயிர்களை ஆராயும் அந்நிலத்தின் ஓரத்தில் அவ்விரண்டு வீடுகளையும் அமைத்து, அருகே கருங்கண்ணிப் பருத்தியும் கம்பும் விதைத்து, குலுக்கை செய்யத் தெரிந்த முதியவர் ஒருவரை அழைத்து நாலு இளைஞருக்கு அவ்வேலையைக் கற்பிக்கச் சொல்லலாம். தூத்துக்குடி ஜில்லா அதிகாரிகளும் கோவில்பட்டி நகராட்சியாரும் இந்த ஐப்பசி மழைக்கு முன்பே வேலையைத் தொடங்கவேண்டும். அடுத்த மழையில் எத்தனை மண்சுவர் கரையும் என்பதை அவ்வூரார் நம்மைவிட நன்கறிவர்.