மின்தூக்கி நிற்காத மாடிகள்

பழைய வீவக புளோக்குகளில் குடியிருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. அரிசி மூட்டையோடு வந்தவர், அது நிற்கும் மாடியில் இறங்கி, மீதித் தூரத்தைப் படியில்தான் சுமக்க வேண்டும். 2001ஆம் ஆண்டில் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் பல புளோக்குகளில் அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

கணினிக்குள்ளும் இதே கதை உண்டு. நீங்கள் ஒரு பாடலைத் திறக்கிறீர்கள். வன்தட்டில் இருப்பதை நினைவகத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது யார்? செயலி இல்லை. ஒவ்வொரு பைட்டையும் அதுவே தூக்கிக்கொண்டிருந்தால் வேறு வேலை நடக்காது. “இந்த முகவரியில் கொண்டுபோய் வை” என்று வட்டுக் கட்டுப்படுத்தியிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். இதற்கு நேரடி நினைவக அணுகல் என்று பெயர், சுருக்கமாக டிஎம்ஏ. அந்த முகவரியைக் கட்டுப்படுத்தியிடம் எழுதிக் கொடுப்பது ‘டிரைவர்’ என்ற சிறிய மென்பொருள்.

முகவரி எழுத அந்தக் கட்டுப்படுத்தியிடம் எத்தனை கட்டங்கள் இருக்கின்றன என்பதில்தான் வம்பு தொடங்குகிறது.

1981ல் வந்த ஐபிஎம் பிசியின் டிஎம்ஏ சில்லு, ஒரே மூச்சில் 64 கிலோபைட் எல்லைக்குள் மட்டுமே எண்ணத் தெரிந்தது. தகவல் அந்த எல்லையைத் தாண்டினால், அடுத்த பகுதிக்குப் போகாமல் அதே பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். அந்தக் காலத்துப் பயாஸ் இதற்கென்றே 9 என்ற பிழை எண்ணை வைத்திருந்தது. 1984ல் வந்த ஏடி கணினியில் முகவரிக் கம்பிகள் 24. அதாவது 16 மெகாபைட் வரை. பிறகு பிசிஐ அட்டைகள் வந்தன. அவற்றில் பலவற்றுக்கு 32 பிட் மட்டுமே தெரியும். எல்லை 4 கிகாபைட்.

அதற்கு மேலே உள்ள முகவரியைக் கவனமில்லாத டிரைவர் ஒன்று இப்படிப்பட்ட அட்டையிடம் கொடுத்தால் என்ன ஆகும்? கட்டத்துக்குள் அடங்காத முன் இலக்கங்கள் உதிர்ந்துவிடும். மிச்சமிருக்கும் எண்ணும் ஒரு முகவரிதான், ஆனால் வேறு யாருடையதோ. கட்டுப்படுத்தி மூட்டையை அந்த வீட்டில் இறக்கிவிட்டு, “வைத்தாயிற்று” என்று சொல்லும். பிழைச் செய்தி வராது. திருமணப் படம் ஒன்றின் பாதி சாம்பல் நிறமாகிக் கிடப்பதை நீங்கள் பல மாதம் கழித்துத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 4 கிகாபைட்டுக்குக் கீழே உள்ள முகவரிகளில் கொஞ்சத்தை வரைகலை அட்டை போன்ற சாதனங்கள் எடுத்துக்கொள்ளும். அதனால் சரியாக 4 கிகாபைட் நினைவகம் போட்டாலும் அதில் ஒரு பகுதி எல்லைக்கு மேலே தள்ளப்படலாம். இரண்டில் ஒழுங்காக ஓடிய கணினி நான்கில் தடுமாறுவது இப்படித்தான்.

தீர்வு, படியில் சுமப்பதுதான். எல்லைக்குக் கீழே கொஞ்சம் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பார்கள். இதைப் ‘பவுன்ஸ் பஃபர்’ என்பார்கள். லினக்ஸில் இப்படி ஒதுக்கும் இடம் வழக்கமாக 64 மெகாபைட். கட்டுப்படுத்தி அங்கே இறக்கும். அங்கிருந்து செயலி தூக்கிக்கொண்டுபோய் உரிய இடத்தில் வைக்கும். வட்டில் எழுதும்போது வரிசை தலைகீழ்: முதலில் நகலெடுத்த பிறகே கட்டுப்படுத்தியைக் கிளப்ப வேண்டும். முந்திக் கிளப்பினால், அந்த இடத்தில் ஏற்கெனவே கிடந்த பழைய தகவல் உங்கள் கோப்புக்குள் போய்விடும். ஒரே சுமையை இரண்டு முறை தூக்குவதால் வேகமும் குறையும். நேரலையில் ஒரு விநாடி மௌனமே எங்களுக்கு ஒரு யுகம் என்பதால், அந்தத் தாமதத்தின் அருமை எனக்குப் புரிகிறது.

ஆகவே, நல்ல டிரைவர் வேலையைத் தொடங்கும் முன்பே “என் சாதனத்துக்கு இத்தனை பிட் வரைதான் எட்டும்” என்று இயங்குதளத்திடம் சொல்லிவிடும். சரி, சாதனமே பொய் சொன்னால்?

அப்படியும் நடந்திருக்கிறது. எஸ்பி600 என்ற சில்லு, தனக்கு 64 பிட் முகவரி தெரியும் என்று அறிவித்துக்கொண்டது. ஆனால் சில தாய்ப்பலகைகளில் அது சரிப்படவில்லை. லினக்ஸ் எழுதுவோர் அதன் பேச்சை நம்புவதை நிறுத்திவிட்டு, 32 பிட்டுக்குள்ளேயே அதைக் கட்டிவைத்தார்கள். பிறகு எந்தப் பலகையை நம்பலாம் என்று ஒரு சிறு பட்டியல் போட்டார்கள். அசுஸ் எம்2ஏ-விஎம் பலகை என்றால், பயாஸ் தேதி 2007 அக்டோபர் 26 அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அசுஸ் எம்3ஏ என்றால் எந்தப் பதிப்பும் சரி. 0301 முதல் 1206 வரை வெளியான எல்லாவற்றையும் சோதித்தாயிற்று என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. சம்பளத்துக்குச் செய்தார்களோ ஆர்வத்துக்குச் செய்தார்களோ, ஒவ்வொரு பதிப்பாக ஏற்றிப் பார்த்த அந்தப் பொறுமைக்கு ஒரு வணக்கம்.

வீட்டில் பழைய கணினி இருந்து, அதில் நினைவகத்தைக் கூட்டிய பிறகு கோப்புகள் கெடத் தொடங்கினால், வன்தட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முக்கியமானவற்றின் நகல் வேறெங்காவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு, புதிதாகச் சேர்த்த நினைவகத்தைக் கழற்றிவிட்டு, ஒரு பெரிய கோப்பை நகலெடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றியதும் கெடுவது நின்றால், அந்த நினைவகத் துண்டே பழுதா அல்லது மேல்மாடி எட்டாத பிரச்சினையா என்று அடுத்துப் பார்க்கலாம்.