மலையை விட்டு இறங்காத தாய்

வயதான தாயை ஊரில் தனியே விட்டுவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒருமுறையாவது நடத்தியிருக்கும் வாக்குவாதம் அது. 'உழைத்தது போதும், வந்து எங்களோடு இருங்கள்.' 1950களின் நடுவில் தமிழ்நாட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஒரு மகன் இதே வாதத்தை முன்வைத்தார். மகன், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்க வைத்து உலகப் புகழ் பெற்றவர். தாய், 75 வயது ஈவ்லின் பிராண்ட்.

வாதத்துக்குக் காரணம் இருந்தது. கீழே விழுந்து ஈவ்லினின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆட்கள் அவரைக் கட்டிலில் கிடத்திச் சுமந்து மலையிறக்கினார்கள். அங்கிருந்து வேலூர்வரை ஜீப்பில் 150 மைல், மேடு பள்ளமான சாலையில். குதிரையிலிருந்து விழுந்த கணக்கு தனி.

டாக்டர் மகனின் வாதத்தில் ஓட்டை இல்லை. தாயின் பதில் வேறு திசையிலிருந்து வந்தது. இந்த மக்களின் புண்ணுக்குக் கட்டுப் போடுவது யார்? பல் பிடுங்குவது யார்? இயேசுவைப் பற்றிச் சொல்வது யார்? தேவைப்படும் இடத்தில் பயன்படாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன லாபம்? மகன் தோற்றுத் திரும்பினார்.

லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879-ல் பிறந்தவர் ஈவ்லின். ஓவியம் பயின்றவர். மிஷனரியாக வந்து 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்துகொண்டு கொல்லிமலை ஏறினார். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும் மலை. அன்று நடந்து ஏற வேண்டும், அல்லது டோலி. வல்வில் ஓரியின் மலை என்று புலவர்கள் பாடியதெல்லாம் சரி. அங்கிருந்தவர்களை மலேரியா விடவில்லை. கிணற்று நீரில் பரவும் நரம்புச் சிலந்தி வேறு. காலைத் துளைத்து வெளிவரும் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்கணக்கில் இழுக்க வேண்டும். (அந்த நோய் இந்தியாவில் ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ல்தான்.)

1923-ல் பாலையும் அவர் தங்கையையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. தந்தையை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. 1929-ல் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்தார். மரணச் செய்தி தந்தியில் முந்திக்கொள்ள, அப்பா முன்பே எழுதி அனுப்பிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்து சேர்ந்தன. ஊழியத்தின் விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். தியாக வரலாறுகள் இந்தப் பக்கத்தை அவசரமாகத் தாண்டிவிடுவது வழக்கம்.

விதவையான ஈவ்லின் ஊரோடு போய்விடுவார் என்றுதான் யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் இந்தியாவுக்கே திரும்பினார். எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது என்றது மிஷன். ஈவ்லினும் ஓய்வு பெற்றுக்கொண்டார், மிஷன் வேலையிலிருந்து மட்டும். பிறகு தம் பொறுப்பில் கல்ராயன் மலைக்கும் பிற மலைகளுக்கும் போனார். இடுப்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார், தூரமென்றால் மட்டக்குதிரை.

தொழுநோயாளியின் விரல்களைச் சிதைப்பது நோயைவிட வலி தெரியாமையே என்று கண்டு சொன்னவர் பால். வலி ஓர் எச்சரிக்கை, அதற்குச் செவிகொடுங்கள் என்று ஆயுள் முழுக்கப் போதித்த மனிதருக்கு வாய்த்த தாயோ, வலித்த காலோடு அடுத்த கிராமத்துக்குப் புறப்பட்டவர். ஆனால் தன்னந்தனியாக எதையும் தாங்கிய வீராங்கனை என்று அவரைச் சித்திரித்தால் பாதிதான் உண்மை. விழுந்தபோது கட்டிலைத் தூக்கத் தோள்கள் இருந்தன. தனியாக இருக்கிறாரே என்று மகன் கவலைப்பட்ட இடத்தில், உண்மையில் அவர் தனியாக இல்லை.

கடைசி இருபது ஆண்டுகளில் தாய் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துக்கொள்ளவில்லை என்று பால் எழுதியிருக்கிறார். அவ்வளவு ஆழமான சுருக்கங்களை வேறு எந்த முகத்திலும் கண்டதில்லையாம். அவர் நினைவில் தங்கிய காட்சி இது: கிராமத்துக் கற்சுவரில் அந்த முகத்தோடு தாய் உட்கார்ந்திருக்கிறார், சுற்றிலும் ஜனங்கள், அவர் சொல்வதைக் கேட்டபடி.

1974 டிசம்பரில், 95 வயதில் ஈவ்லின் காலமானார். சவப்பெட்டி வேண்டாம், உடல் மண்ணோடு கலக்கட்டும் என்பது அவர் விருப்பம். ஊர் ஜனங்கள் ஒரு பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.