ஒளி விழ வேண்டியது முகத்தின் மீது



சில மாதங்களுக்கு முன் ராஜபாளையத்தில் உறவினர் ஒருவர் கட்டிய புதுவீட்டிற்கு துஆ ஓத அழைக்கப்பட்டிருந்தேன். மாடியிலுள்ள குளியலறையை ஆர்வத்துடன் காட்டினார்கள். கண்ணாடியைச் சுற்றிலும் வளையமாக விளக்கு. கையை அசைத்தால் எரிகிறது, மீண்டும் அசைத்தால் அணைகிறது. பாராட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். வீட்டுக்காரரின் தாயார் பயன்படுத்தும் குளியலறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே கதவுக்கு மேலே ஒரே ஒரு சிறு பல்பு. கண்ணாடி முன் நின்றால் அது முதுகுக்குப் பின்னால் எரியும். அந்த மூதாட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, சுபுஹுக்கு ஒளு செய்யும்போது என் நிழலே என் மேல விழுது. குதிகால் நனைஞ்சுச்சா இல்லையான்னு தெரியல."

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. ஒளுவில் குதிகால் நனையாமல் விடப்படுவது பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை மதரஸாவில் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அந்த எச்சரிக்கை பதிவாகியுள்ளது. அதைப் பார்த்துக்கொள்வதற்கான வெளிச்சத்தைப் பெற்ற தாய்க்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் நாம் நினைப்பதில்லை.

குளியலறைக் கண்ணாடி விளக்கை நாம் அலங்காரப் பொருளாகத் தேர்ந்தெடுக்கிறோம். அது தேவைப் பொருளாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இதுவே என் கருத்து.

முதலில், விளக்கு எங்கே இருக்க வேண்டும்? இதற்கான விடையின் அடிப்படையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் அறிஞர் ஒருவர் விளக்கியிருக்கிறார். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் பார்க்கவில்லை, பொருளின் மீது பட்ட ஒளி கண்ணை வந்தடைவதால்தான் பார்க்கிறோம் என்று 'கிதாபுல் மனாஸிர்' நூலில் நிறுவினார். ஐக்கிய நாடுகள் சபை 2015-ஐ ஒளி ஆண்டாக அறிவித்தபோது அவருடைய பணியின் ஆயிரமாண்டு நிறைவும் நினைவுகூரப்பட்டது. அவர் சொன்னதைக் குளியலறையில் பொருத்திப் பாருங்கள். கண்ணாடியைப் பளபளக்கச் செய்வதால் முகம் தெரியாது. முகத்தின் மீது ஒளி விழுந்தால்தான் கண்ணாடியில் முகம் தெரியும்.

விளக்கு தலைக்கு மேலே மட்டும் இருந்தால் கண்களுக்கும் மூக்குக்கும் தாடைக்கும் கீழே நிழல் படியும். தாடியைச் சீர்செய்பவருக்கும் இது இடைஞ்சல். சிறந்த முறை, கண்ணாடியின் இருபுறமும் கண்மட்ட உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடி உயரத்தில், ஒவ்வொரு விளக்கு பொருத்துவது. ஓரடி எல்இடி டியூப் இரண்டு போதும். இடமில்லையெனில் கண்ணாடிக்கு நேர் மேலே, அதன் அகலத்துக்கு ஒரு நீள விளக்கு வைக்கலாம். கால் கழுவும் இடத்திற்குக் கூரையில் தனி விளக்கு வேண்டும். ஜன்னல் இருந்தால் அதற்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடியை மாட்டுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் வந்தால் பகலிலும் முகம் இருண்டே தெரியும்.

அடுத்தது, ஒளியின் நிறம். கடையில் பெட்டியின் மீது 2700, 4000, 6500 கெல்வின் என்று அச்சிட்டிருப்பார்கள். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊர்களில் 6500-ஐத்தான் வாங்கிக் குவிக்கிறோம். அந்த வெளிச்சத்தில் நம் மாநிற முகம் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். கண்ணாடிக்கு 4000 அளவே ஏற்றது. சிஆர்ஐ என்ற எண்ணையும் கேளுங்கள். அது 90-க்கு மேல் இருந்தால் தோலின் நிறம் உள்ளபடி தெரியும்.

இது சிறிய விஷயமன்று. பதினைந்து வயதுப் பெண்பிள்ளை தினமும் அந்தக் கண்ணாடியில்தான் தன்னைப் பார்க்கிறாள். மோசமான விளக்கு இல்லாத கருவளையத்தை உண்டாக்கிக் காட்டுகிறது. அவளோ வெண்மையாக்கும் களிம்பைத் தேடுகிறாள். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2023-இல் செய்திகளில் படித்தோம். அல்லாஹ் அழகிய அமைப்பில் படைத்த முகத்தைப் பிள்ளை வெறுக்கும்படி ஒரு விளக்கு செய்யுமானால், அதை மாற்றுவது பெற்றோரின் பொறுப்பு.

முதியவர்களின் கண்ணுக்கு இளைஞர்களைவிட இருமடங்குக்கும் மேலான வெளிச்சம் தேவை. வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளிக்கிறது. அதேவேளை கண்புரை உள்ளவர்களுக்கு மூடியில்லாத பல்பு கூசும். ஆகவே பால்வெள்ளை மூடியுள்ள விளக்கே நல்லது. தஹஜ்ஜுதுக்கு எழுபவர்களுக்காகத் தரையோரம் மஞ்சள் நிற இரவு விளக்கு ஒன்று இருக்கட்டும். ஈரத்தரையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம்!

தண்ணீரும் மின்சாரமும் சேருமிடம் குளியலறை. தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபி 44 குறியுள்ள விளக்கையே அங்கு பொருத்த வேண்டும். வீட்டு மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். விளக்குக்கு ஆயிரக்கணக்கில் செலவிட்டுவிட்டு இதில் சிக்கனம் பார்ப்பது அறிவுடைமை ஆகாது.

"இவ்வளவு விளக்கு வீண்விரயம் அல்லவா, ஹஜ்ரத்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நபி (ஸல்) அவர்கள் இரவில் தொழுத அறையில் விளக்கே இருக்கவில்லை என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த எளிமையை நாம் மறக்கக் கூடாது. எனினும் கணக்கையும் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பு நாளுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் மாதம் 7.2 யூனிட். ஐந்து வாட் எல்இடி இரண்டு அதே நேரம் எரிந்தால் 1.2 யூனிட்தான். இருபுறமும் விளக்கு வைப்பதால் விரயம் ஏற்படுவதில்லை. யாருக்கும் பயனின்றி எரியும் அலங்கார வளையமும், அணைக்காமல் வெளியேறும் பழக்கமும்தான் விரயம். உறங்கும்முன் விளக்குகளை அணைக்கச் சொன்ன நபிமொழியைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் படுக்கையறையுடன் குளியலறையும் ஒரு பாடசாலையே.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. வெளிச்சம் கூடிவிட்டது என்பதற்காக ஒளுவில் திரும்பத் திரும்பக் கழுவும் வஸ்வாஸுக்கு இடம் தரக் கூடாது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள். அது இன்றைய கணக்கில் ஒரு லிட்டருக்கும் குறைவு. ஒருமுறை தெளிவாகப் பார்த்து, முறையாகக் கழுவினால் போதும்.

அந்த வீட்டுக்காரரிடம் விடைபெறும்போது, தாயாரின் அறைக்கும் இரண்டு விளக்கு வாங்குமாறு கேட்டுக்கொண்டேன். அவர் சற்று வெட்கப்பட்டார். மறுவாரமே பொருத்திவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார். உங்கள் வீட்டிலும் இன்று இரவு பெற்றோரின் குளியலறைக்குச் சென்று, கண்ணாடி முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே உங்கள் முகம் உங்களுக்குத் தெரிகிறதா?

அல்லாஹ் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.