ஆஸ்திரேலியா கேட்பது 45 நாள் கணக்கு. கடலூர் டீச்சருக்குத் தேவை கோர்ஸா, கடிதமா?

ராத்திரி பத்து மணிக்கு மேல் போனைத் திறந்தால் அந்த விளம்பரம் கண்டிப்பாக வரும். "வீட்டில் இருந்தே படியுங்கள், வெளிநாட்டில் ஆசிரியர் ஆகுங்கள்." பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், தவணை வசதி, 'இன்னும் சில சீட்களே உள்ளன'. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர் ஒருவர் அதை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எஸ்சி., பி.எட். முடித்தவர், எட்டு வருட அனுபவம். பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அவருடைய கேள்வி நியாயமானது: குறைந்த செலவில், ஆன்லைனில், ஆசிரியர் தகுதியை வெளிநாட்டுக்கு ஏற்றபடி உயர்த்திக்கொள்ள என்ன படிக்கலாம்?

பெரும்பாலும் அவருக்குத் தேவைப்படுவது புதிய கோர்ஸே இல்லை. ஏற்கெனவே படித்த படிப்பு எப்படி நடந்தது என்று சொல்லும் ஒரு கடிதம்தான் தேவை. அந்தக் கடிதத்துக்கு யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் எதிர்பார்க்கப்படும் தகுதி 'க்யூடிஎஸ்'. 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இதற்கு நேரடியாக ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பட்டம், இந்தியாவில் முடித்த ஆசிரியர் பயிற்சி, குறைந்தது ஓர் ஆண்டு அனுபவம், ஆங்கிலத் திறனுக்கு ஆதாரம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணக்கு, அறிவியல் அல்லது வேற்றுமொழிப் பாடம் எடுக்கத் தகுதி பெற்றவராக இருக்க வேண்டும். வேற்றுமொழி என்றால் பிரெஞ்சு, ஜெர்மன் மாதிரி. ஆங்கில ஆசிரியர்கள் இதில் வரமாட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஒன்றும் இல்லை. இலவசம்.

நம் கணக்கு டீச்சருக்கு விளம்பரம் விற்கப் பார்ப்பது 'பிஜிசிஇ-ஐ' என்ற சர்வதேசச் சான்றிதழ். நல்ல பல்கலைக்கழகங்களே நடத்துகின்றன, பாடமும் தரமாக இருக்கலாம். ஆனால் அதன் கூடவே க்யூடிஎஸ் வராது. இந்த விவரம் விளம்பரத்தில் எங்கேயாவது இருந்தால் கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருக்கும். கட்டணம் ஆயிரக்கணக்கான பவுண்டு. ஒரு பவுண்டு 100 ரூபாயைத் தாண்டிவிட்ட காலம் இது. சர்வதேசப் பள்ளிகளில் வேலை தேடுபவருக்கு அந்தச் சான்றிதழ் உதவலாம், மறுப்பதற்கில்லை. இங்கிலாந்து அரசுப் பள்ளிக்குப் போக நினைத்து அதை வாங்குபவர், இலவசமாகத் திறந்திருக்கும் கதவுக்குப் பக்கத்துச் சுவரை உடைக்க லட்சங்களைக் கட்டுகிறார். (க்யூடிஎஸ் கிடைத்தாலே வேலையும் விசாவும் கிடைத்துவிடாது. அது தனி வேலை.)

அந்த ஐந்து நாள்

ஆஸ்திரேலியா வேறு மாதிரி. அங்கு குடியேற விரும்பும் ஆசிரியர்களின் தகுதியை மதிப்பிடும் அமைப்பு 'ஏஐடிஎஸ்எல்'. குறைந்தது நான்கு ஆண்டு உயர்கல்வி வேண்டும், அதில் ஓர் ஆண்டு ஆசிரியர் பயிற்சியாக இருக்க வேண்டும். மூன்று வருட பி.எஸ்சி.யும் ஒரு வருட பி.எட்.டும் சேர்ந்தால் இந்தக் கணக்கு சரியாகிவிடும். சிக்கல் அடுத்த நிபந்தனையில் இருக்கிறது: பயிற்சியின் பகுதியாக, மேற்பார்வையுடன் குறைந்தது 45 நாள் வகுப்பறையில் பாடம் நடத்தியிருக்க வேண்டும். அதுவும் எந்த வயது மாணவர்களுக்கு ஆசிரியராக விண்ணப்பிக்கிறாரோ, அதே வயதினருக்கு.

இந்தியாவில் பி.எட். இரண்டு ஆண்டாக மாறியது தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலான என்சிடிஇயின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு. இப்போது படிப்பவர்களுக்கு 20 வாரம் பள்ளி அனுபவம் உண்டு; 45 நாளெல்லாம் தாராளமாகத் தாண்டும். அதற்கு முன் ஒரு வருட பி.எட். படித்தவர்கள்? என்சிடிஇயின் 2009 விதிமுறை கேட்ட குறைந்தபட்சம் 40 நாள். கல்லூரிகள் அதற்கு மேலும் அனுப்பியிருக்கலாம், சரியாக 40 நாளோடும் நிறுத்தியிருக்கலாம். மதிப்பெண் பட்டியலில் 'கற்பித்தல் பயிற்சி' என்று மார்க் இருக்குமே தவிர, எத்தனை நாள் என்று இருக்காது.

அந்த ஐந்து நாள் வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் திட்டமே தொங்கும். பதினைந்து வருடம் வகுப்பெடுத்தவர் என்றாலும் அந்த வேலை அனுபவம் பயிற்சி நாளுக்கு ஈடாகாது. கேட்பதற்கு அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது 'பயிற்சியில் யாராவது உங்கள் வகுப்பைப் பார்த்து மதிப்பிட்டார்களா' என்பதை. அதைச் சொல்ல வேண்டியது படித்த நிறுவனம். நாள் எண்ணிக்கையும் மாணவர்களின் வகுப்பும் குறிப்பிட்டு, அதிகாரபூர்வத் தாளில், கையெழுத்துடன்.

இந்த இடத்தில் எந்த ஆன்லைன் கோர்ஸும் கைகொடுக்காது. ஸ்வயம் தளத்தில் கல்வியியல் பாடங்களை இலவசமாகவே படிக்கலாம். என்பிடெல் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கக் கட்டணம் 1,000 ரூபாய். அறிவுக்கு நல்லது, ரெஸ்யூமேயில் ஒரு வரியும் கூடும். விட்டுப்போன வகுப்பறை நாளை அது கொண்டுவராது.

'கரஸ்ல' படித்த தலைமுறை

சிதம்பரம் கதைக்குள் வருவது இங்கேதான். 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-ல் தொலைதூரக் கல்வி இயக்ககத்தைத் திறந்தது. அதற்குப் பிறகு 'கரஸ்ல எம்.ஏ. பண்றேன்' என்று யாராவது சொன்னால், எந்த யுனிவர்சிட்டி என்று பல ஊர்களில் கேட்கவே மாட்டார்கள். தபாலில் பாடப் புத்தகக் கட்டு வரும், லீவு நாளில் தொடர்பு வகுப்பு, பிறகு தேர்வு. வேலையை விடாமல், குழந்தையை வைத்துக்கொண்டு, கையைக் கடிக்காத செலவில் எத்தனையோ ஆசிரியர்கள் மேற்படிப்பு முடித்தது இப்படித்தான். 'மலிவான ஆன்லைன் படிப்பு' என்று இன்று விற்கப்படுவதை, இன்டர்நெட் இல்லாமலேயே செய்துகாட்டிய இடம் அது.

2013-ல் பல்கலைக்கழகம் தமிழக அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. 2022-ல் யுஜிசி ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது: தொலைதூரப் படிப்புகளுக்கு இந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தரப்பட்ட அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான், அதன் பிறகு அனுமதியின்றி நடத்தப்பட்டவை செல்லாது என்றது. பின்னர் ஒப்புதல் பெற்றுப் புதிய சேர்க்கை தொடங்கியது. புதிதாகச் சேர்பவர்களுக்கு அது போதும். இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்து, படித்து, பாஸ் செய்து, சான்றிதழை லேமினேட் போட்டு வைத்திருப்பவர்களுக்கு? வெளிநாட்டு மதிப்பீட்டு அமைப்பு கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவராக மாணவரே நிற்கிறார். யுஜிசி அறிவிப்புகளைத் தேடிப் படித்துவிட்டு அட்மிஷன் போடும் வழக்கம் நம் ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. வாசலில் பெயர்ப் பலகை இருந்தது, கட்டணத்துக்கு ரசீது கிடைத்தது, நம்பினார்கள்.

மாநிலம் கடந்தும் இதே பாடம்தான். வேலையில் இருந்த பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்காக மத்திய அரசே 2017-ல் தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலம் 18 மாத டி.எல்.எட். படிப்பை நடத்தியது. நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். அது வழக்கமான இரண்டு ஆண்டுப் படிப்புக்குச் சமமில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாருக்கெல்லாம் செல்லும் என்பதைத் தெளிவுபடுத்த 2024 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு தேவைப்பட்டது. அரசு நடத்திய கோர்ஸுக்கே இந்த நிலை. ரீல்ஸில் வரும் கோர்ஸுக்கு?

உள்நாட்டில் மீதி இருப்பவை

'சரி, இங்கேயே ஆன்லைனில் பி.எட். போட்டுவிடலாமா' என்றால், முடியாது. முழுக்க ஆன்லைனில் நடக்கும் பி.எட்.டுக்கு என்சிடிஇ அங்கீகாரம் கிடையாது. தொலைதூர முறையில் இக்னோவும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தருகின்றன. ஆனால் அது ஏற்கெனவே நேரடி முறையில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும், பயிற்சி பெற்றுப் பணியில் இருக்கும் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கும்தான். இக்னோ கட்டணம் 55,000 ரூபாய் அளவில் இருந்து வருகிறது. எம்.ஏ. கல்வியியல் எளிதாகக் கிடைக்கும், மலிவும்கூட. அது எம்.எட். ஆகாது, தெரிந்து சேர்ந்தால் பிரச்சினை இல்லை. ஆன்லைன் நிறுவனங்களோடு கைகோத்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கே தரும் பட்டங்களுக்கு அங்கீகாரம் இல்லை என்று யுஜிசி 2023 டிசம்பரில் எச்சரித்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருநாள் ஊர் திரும்பி டிஆர்பி தேர்வு எழுத நினைப்பவருக்கு இது முக்கியம்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு உண்மைத்தன்மைச் சான்று, மாநில உயர்கல்வித் துறை முத்திரை, வெளியுறவு அமைச்சகம் என்ற வரிசை அத்துப்படி. ஓமன், பஹ்ரைன், 2022 டிசம்பர் முதல் சவுதி ஆகியவற்றுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை போதும். அமீரகம், கத்தார், குவைத்துக்குத் தூதரக அட்டெஸ்டேஷனும் வேண்டும். இதற்கெல்லாம் ஏஜென்ட் இருக்கிறார். பயிற்சி நாள்களைச் சான்றளிக்கும் கடிதத்துக்கு ஏஜென்ட் கிடையாது.

அதனால் கேட்க வேண்டியதைப் பல்கலைக்கழகங்களிடம்தான் கேட்க வேண்டும். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் இன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்திருக்கின்றன. படிப்பு நேரடியா தொலைதூரமா, எந்த ஆண்டு என்ன அங்கீகாரம், எத்தனை நாள் மேற்பார்வையுடன் கற்பித்தல், எந்த வகுப்பு, பாடமொழி எது: இந்த ஐந்தும் அடங்கிய ஒரு பக்கப் படிவத்தை ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கும்படி செய்தால் போதும். பி.எட். பட்டங்களைத் தரும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் இதையே செய்யலாம். அங்கீகாரம் குறித்துக் கேள்வி எழுந்த ஆண்டுகளுக்கு என்ன நிலை என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் கசப்பாக இருந்தாலும் பரவாயில்லை. ஏழு லட்சம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிவது மேல்.

அதுவரை டீச்சர் செய்யக்கூடியது, வரிசையை மாற்றுவது. முதலில் போக நினைக்கும் நாட்டின் மதிப்பீட்டு அமைப்பின் தளத்தைத் திறந்து, என்ன தாள் கேட்கிறார்கள் என்று பார்ப்பது. அடுத்து படித்த கல்லூரிக்கு எழுதுவது. பழைய பயிற்சிப் பதிவேடு, பள்ளியில் வாங்கிய வருகைச் சான்று பரணில் இருந்தால் அதையும் இறக்குவது. ஐஇஎல்டிஎஸ் கடைசியில்தான். ஆஸ்திரேலியாவுக்கு வாசிப்பு, எழுத்தில் 7-ம் பேச்சு, கேட்டலில் 8-ம் வேண்டும். ஒரு முறை எழுதவே 17,000 ரூபாய்க்கு மேல் ஆகும், மதிப்பெண் செல்லுபடியாவது இரண்டு ஆண்டுதான். அவசரப்பட்டு முதலில் எழுதிவிட்டால், கல்லூரியிலிருந்து கடிதம் வருவதற்குள் அது காலாவதியாகி, மறுபடியும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.