ஐந்து சதவீத இறப்பு என்று யார் சொன்னது?

கோழிப்பண்ணைக் கடனுக்காக என் மேஜைக்கு வந்த திட்ட அறிக்கைகளில் ஒரு வரி மட்டும் மாறியதே இல்லை. "இறப்பு விகிதம்: 5 சதவீதம்." நாமக்கல் பக்கம் வேலை பார்த்தபோதும் அதே 5. கடல் தாண்டி அந்தமானுக்கு மாற்றலாகி வந்த பிறகும் அதே 5. லெக்ஹார்னுக்கும் பிராய்லருக்கும் கலப்பினத்துக்கும் ஒரே 5. கோழி எந்த வம்சம் என்று கேட்கவே படிவத்தில் கட்டம் கிடையாது. நான் வெறும் பி.காம்., கால்நடை டாக்டர் இல்லை. ஆனாலும் கணக்கு தப்பு என்று சொல்ல பி.காம். போதும்.

மாரெக் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். ஹங்கேரிக்காரரான யோசெஃப் மாரெக் 1907-ல் விவரித்தது. ஹெர்பீஸ் வகை வைரஸ். கோழி காலை இழுத்துக்கொண்டு படுத்துவிடும், உள்ளே கட்டிகள் வரும். கோழியின் 16-வது குரோமோசோமில் 'பி' தொகுதி என்று ஒரு மரபணுக் கூட்டம் இருக்கிறது. உள்ளே வந்தவன் நம்மாளா அந்நியனா என்று வெள்ளணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதன் வேலை (நம்ம கே.ஒய்.சி. மாதிரி!). இதில் பி21 வகை உள்ள கோழி பெரும்பாலும் மாரெக்கைத் தாங்கிக்கொள்ளும், பி19 உள்ளது பெரும்பாலும் செத்துப்போகும். ஒரே கொட்டகை, ஒரே தீவனம், ஒரே வைரஸ். மனிதர்களிடம் இந்தத் தொகுதி பெரிது, ஒன்று கைவிட்டால் இன்னொன்று தாங்கும். கோழியிடம் ரொம்பச் சின்னது. அதனால் எந்த வகை வாய்த்தது என்பதே உயிர்ப் பிரச்சனை. இப்போது சொல்லுங்கள், எல்லாருக்கும் எப்படி ஐயா 5 சதவீதம்?

"தடுப்பூசி போட்டால் தீர்ந்தது" என்பார்கள். தடுப்பூசி அவசியம், மறுக்கவில்லை. ஆனால் ஊசிக்கு உடம்பு எவ்வளவு ஆன்டிபாடி சுரக்கிறது என்பதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒரே வகைக் கோழிகளை எடுத்து, ஆன்டிபாடி அதிகம் சுரப்பவை, குறைவாகச் சுரப்பவை என்று இரண்டு வம்சங்களாகத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வளர்த்தார்கள். இரண்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது: அதிகம் சுரக்கும் வம்சம் எடையில் குறைவு. எடையை மட்டும் பார்த்துத் தேர்வு செய்தால் வேறெதையோ விட்டுக்கொடுக்கிறோம் என்றுதானே அர்த்தம்? அது நம் அறிக்கைகளில் எந்தத் தலைப்பில் வருகிறது?

இந்தத் தீவுகளுக்கென்றே ஒரு கோழி இருக்கிறது, நிக்கோபாரி. குட்டைக் கால், கட்டையான உடம்பு. பழுப்பு, கறுப்பு, வெள்ளை என மூன்று நிறங்களில் உண்டு. நல்ல பராமரிப்பில் வருஷத்துக்கு 140 முதல் 160 முட்டை வரை இடும். நம்மூர் நாட்டுக்கோழி வளர்த்தவர்களுக்குத் தெரியும் இது எவ்வளவு பெரிய எண் என்று. போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், எனக்கு இன்னும் வாயில் வரவில்லை) 1978-ல் தொடங்கிய மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பராமரித்து, அதன் நோய் எதிர்ப்புத் திறனையும் ஆராய்ந்து வருகிறது. "லெக்ஹார்ன் 300 இடுமே" என்று உடனே கேட்பார்கள். இடும். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் வரும் தீவனத்தையும் மருந்தையும் கொடுத்தால் இடும். கப்பல் தாமதமானால் என்ன செய்யும் என்று அறிக்கை சொல்லாது.

கோழியின் முழு மரபணு வரைபடம் 2004 டிசம்பர் 9-ந்தேதி வெளியானது. பதினேழு நாள் கழித்து, 26-ந்தேதி, சுனாமி நிக்கோபார் கரையோர கிராமங்களைத் துடைத்துப் போட்டது. மனிதர்களோடு ஆடும் பன்றியும் கோழியும் போயின. உலகம் கோழியின் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கிய அதே மாதத்தில் நம் பிரதியிலிருந்து எத்தனை பக்கங்கள் கடலோடு போயினவோ. 2008-ல் வந்த ஒரு சர்வதேச ஆய்வு, வணிகக் கோழி வம்சங்கள் மூதாதைக் கோழிகளின் மரபணு வேறுபாடுகளில் பாதிக்கும் மேல் இழந்துவிட்டன என்றது. மொத்தக் கடனையும் ஒரே பார்ட்டிக்குக் கொடுக்காதே என்று எங்களுக்குப் பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொல்வார்கள். கோழி விஷயத்தில் மட்டும் அந்தப் பாடம் மறந்துபோகிறதாம்.

மறுபக்கத்து ஆட்களையும் விடுவதாயில்லை. "நாட்டுக்கோழிக்கு நோயே வராது, ஊசியே வேண்டாம்" என்று முழங்குகிறவர்கள் தயவுசெய்து ஒரு வெள்ளைக்கழிச்சல் சீசனில் கிராமத்துப் பக்கம் போய்வரவும். ராணிக்கெட் வந்தால் நாட்டுக்கோழியும் கொத்துக்கொத்தாகச் சாகும். ஓரிரு நோயில் தாங்குவது வேறு, எல்லாவற்றையும் தாங்குவது வேறு. நிக்கோபாரிக்கும் ஊசி போடத்தான் வேண்டும்.

நான் கேட்பது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. படிவத்தில் இனத்துக்கு ஒரு கட்டம். அந்த இனம் இந்தத் தீவில், இந்த மழையில் உண்மையில் எத்தனை செத்தது என்பதற்கு ஒரு கட்டம். கொல்லையில் சுத்த நிக்கோபாரி வைத்திருக்கிறவரிடம் கலப்புச் சேவலைத் தள்ளிவிடுவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை. கலந்து போன ரத்தத்தைப் பிறகு எந்த வட்டி விகிதத்தில் திருப்பி வாங்குவதாம்?