குற்றம் இனத்தில் இல்லை

ராட்வைலர், பிட்புல் போன்ற நாயினங்கள் பிறவியிலேயே மூர்க்கமானவை, ஆகவே அவற்றின் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடுத்தால் மக்கள் காக்கப்படுவர் என்பது பரவலான வாதம். 23 இனங்களைத் தடைசெய்யுமாறு 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் அடிப்படையும் அதுவே. அந்த வாதத்தையும் தடையையும் ஏற்க முடியாததற்குக் காரணங்கள் மூன்று.

ஒன்று: இனத்தை வைத்து ஒரு நாயின் குணத்தைக் கணிக்க முடியாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, நாய்களுக்கிடையிலான நடத்தை வேறுபாட்டில் ஏறத்தாழ 9 விழுக்காட்டை மட்டுமே இனம் விளக்குகிறது எனக் கண்டது. மீதி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி அந்தந்த நாயின் மரபிலிருந்து. இன்னொரு பகுதி வளர்ப்பிலிருந்து. பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையிலான சமூகப் பழக்கப் பருவத்தில், அதாவது அந்நிய மனிதரையும் ஓசையையும் அஞ்சாமல் ஏற்கக் குட்டி கற்கும் காலத்தில், அதை அடுக்ககத்தின் பால்கனியிலேயே கட்டிப்போட்டால், லாப்ரடாரும் பின்னாளில் கடிக்கக்கூடும். பெரிய தாடையின் கடி ஆழமானது என்பது உண்மைதான். அது உரிமையாளரின் கடமையைக் கூட்டுகிறதே தவிர, விலங்கைக் குற்றவாளி ஆக்குவதில்லை.

இரண்டு: கலப்பின நாயைத் தோற்றத்தால் இனங்காண்பது நம்பத்தகாதது. அப்படியிருக்க, தடையை எந்த அளவுகோலால் செயல்படுத்துவது?

மூன்று: பெங்களூருவாசிகள் தொடுத்த வழக்கில், உரியவர்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை என்று கூறி, கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரல் 10 அன்று அச்சுற்றறிக்கையை ரத்துசெய்தது. புதிதாக விதி வகுப்போர், பட்டியலை விடுத்து, உரிமையாளரின் பொறுப்பையும் குட்டிப்பருவப் பயிற்சியையும் கட்டாயமாக்க வேண்டும்.