வரி முடிவில் ஒரு வம்பு

கம்ப்யூட்டர் வேலையில் மேல்நிலையில் இருக்கும் என் மாணவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டைப்ரைட்டிங் லோயர், ஹையர் படித்தவர்களுக்கு உடனே புரியும். வரி முடியப்போகும்போது மணி அடிக்கும். இடப்பக்கக் கைப்பிடியைத் தள்ளினால் இரண்டு வேலை நடக்கும்: காகிதம் ஒரு வரி ஏறும், வண்டி ஓரத்துக்குத் திரும்பும். டெலிபிரிண்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனிக் குறி. அதையே கம்ப்யூட்டரும் எடுத்துக்கொண்டது. ஆஸ்கி பட்டியலில் 13 என்றால் ஓரத்துக்குத் திரும்பு, 10 என்றால் அடுத்த வரிக்குப் போ.

விண்டோஸ் வரிக்கு வரி இரண்டையும் போடும். லினக்ஸ் 10 மட்டும் போடும். பழைய மேக் 13 மட்டும் போட்டது. 2001-ல் மேக் ஓஎஸ் டென் வந்தபின் அதுவும் 10 பக்கம் வந்துவிட்டது. (விண்டோஸ் நோட்பேடு 10 மட்டும் உள்ள ஃபைலை ஒழுங்காகப் பிரித்துக் காட்டியது 2018-க்குப் பிறகுதான். அதுவரை எல்லாம் ஒரே வரியாக ஓடும்!)

கண்ணுக்குத் தெரியாத குறிதானே என்று விடமுடியாது. என் தம்பி மகள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். ஒரு ஃபைலில் 2 வரி திருத்தி அனுப்பினாள். 400 வரியும் அவள் பெயரில் மாறியதாகக் காட்டியது. எல்லார் முன்னாலும் ஏச்சு. அவளுடைய எடிட்டர் சேமிக்கும்போது ஒவ்வொரு வரியிலும் 13-ஐச் சேர்த்திருக்கிறது, அவ்வளவுதான். வரி முடிவு வித்தியாசத்தை விட்டுவிட்டு ஒப்பிடும் வசதி கிட்டிலேயே உண்டு. திட்டியவர் அதைப் போட்டுப் பார்த்திருந்தால் 2 வரிதான் தெரிந்திருக்கும்.

"ஆளாளுக்கு ஆட்டோ சிஆர்எல்எஃப் செட்டிங் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த செட்டிங் அவரவர் மெஷினோடு நின்றுவிடும். நேற்று சேர்ந்த பிள்ளைக்கு யார் சொல்வார்கள்? கிட் ஆட்ரிப்யூட்ஸ் என்ற ஃபைலில் விதியை எழுதி புராஜெக்டுக்குள்ளேயே வைத்தால், எடுப்பவர் எல்லாரிடமும் அதுவும் கூடவே போகும். ஷெல் ஸ்கிரிப்டுக்கு எப்போதும் 10 மட்டும், விண்டோஸ் பேட்ச் ஃபைலுக்கு இரண்டும் என்று அதில் தெளிவாக எழுதலாம். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 13 ஒட்டிக்கொண்டால், லினக்ஸ் அதையும் பெயரில் சேர்த்துப் படித்து, அப்படி ஒரு புரோகிராமே இல்லை என்று சொல்லிவிடும்.

ஒன்று கவனியுங்கள். விதியை எழுதியதும் பழைய ஃபைல்களையும் ஒரே தடவையில் மாற்றி, அதைத் தனி கமிட்டாகப் போடுங்கள். மற்ற திருத்தங்களோடு கலக்காதீர்கள். முதல் நாளே குழுவில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.